ஞானஸ்நானமும் வருமான வரியும்

ஜெர்மனியில் லுத்தரன் சபையில் முறைப்படி சேரலாமா என்று யோசிப்பவர் வேதாகமத்தோடு சம்பளச் சீட்டையும் புரட்ட வேண்டும். கட்டும் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் கூடுதலாகச் சபை வரி. வசூலிப்பது போதகர் அல்ல, வரி அலுவலகம். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் கிளம்பியவரின் பெயரால்தான் இத்தனையும்! விசுவாசத்துக்குப் பதிவேடு எதற்கு என்று கேட்பார்கள். நியாயம்தான், 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை சபைக்கு அடையாளமாகச் சொன்னது சுத்தமான சுவிசேஷப் போதனையையும் முறையான சாக்கிரமெந்துகளையும்தான், படிவத்தை அல்ல. ஆனால் பின்வரிசையில் இலவசமாகப் பாட்டுக் கேட்பவருக்காக ஆர்கன் பழுதுபார்ப்பது யார் செலவில்? வருமான வரி வராத ஏழைக்குப் பொதுவாகச் சபை வரியும் கிடையாது. ஆகவே ஞாயிறுதோறும் போகிறவர் சேர்ந்துவிடுவதே நேர்மை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் எட்டிப் பார்ப்பவர் ஆடிட்டரைக் கலந்துகொள்ளலாம்: கட்டிய சபை வரியை வருமானக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.