பெரிய எழுத்து, சின்ன எழுத்து

கேள்வி: ஜாவாவில் 'ஸ்ட்ரிங்' என்ற சொல்லைச் சின்ன 'எஸ்' போட்டு எழுதினேன். பிழை காட்டுகிறது. ஓர் எழுத்துக்கு இவ்வளவு கறாரா?
- கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: கம்ப்யூட்டர் அதை எழுத்தாகப் பார்ப்பதில்லை, எண்ணாகப் பார்க்கிறது. ஆஸ்கி அட்டவணையில் பெரிய 'எஸ்' 83, சின்ன 'எஸ்' 115. 83-ஆம் எண் வீட்டுக்காரரை 115-ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால், 'அப்படி யாரும் இங்கே இல்லையே' என்றுதான் சொல்வார்கள். கம்பைலர் சொல்வதும் அதைத்தான்.

கேள்வி: எல்லா மொழிகளும் இப்படித்தானா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. ஃபோர்ட்ரான் 1957-இல் வந்தபோது துளை அட்டைகளில் பெரிய எழுத்து மட்டுமே, சிக்கலுக்கே இடமில்லை. ஆஸ்கியின் 1963 பதிப்பிலும் சின்ன எழுத்து கிடையாது, 1967-இல்தான் சேர்ந்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி இரண்டையும் வேறு வேறாகக் கொண்டது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே வழியில் வந்தவை. பாஸ்கல் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பிஎச்பி இரண்டுங்கெட்டான்: மாறிகளின் பெயரில் கறார், ஃபங்ஷன் பெயரில் தாராளம். எச்டிஎம்எல் டேக்குகளை எப்படி எழுதினாலும் பிரவுசர் ஏற்கும். 2000-இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் சின்ன எழுத்துதான் வேண்டும் என்றது.

கேள்வி: என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் தெரிந்த படம், இணையதளத்தில் ஏற்றியதும் காணவில்லையே?
- ஸ்டூடியோ உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பல கேமராக்கள் பெயரின் கடைசியில் 'ஜேபிஜி' என்பதைப் பெரிய எழுத்தில் வைக்கும். நாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்போம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வரில் இருப்பது பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு இரண்டும் வேறு கோப்புகள். எனக்கும் ஓர் இரவுத் தூக்கம் இதில் போயிருக்கிறது. அன்றிலிருந்து கோப்புப் பெயர் எல்லாமே சின்ன எழுத்துதான்.

கேள்வி: தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. நாம் கொடுத்து வைத்தவர்கள்தானே?
- தமிழாசிரியை, திண்டுக்கல்

பதில்: 'கல்'லில் ஒரு துணைக்கால் கூடினால் 'கால்'. கல்லை உடைக்கச் சொன்ன இடத்தில் அந்த ஒரு கோடு எத்தனை ஆபத்து! ஆனால் குறிலும் நெடிலும் காதுக்கே தெரிந்துவிடும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் காதுக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் 'கெட்எலிமென்ட்பைஐடி' என்று வாயால் சொன்னால், கடைசியில் 'ஐ' பெரியது, 'டி' சின்னது என்று எந்தப் பிள்ளைக்குப் புரியும்? அதனால் புரோகிராமை வாயால் சொல்லித் தராதீர்கள். பலகையில் எழுதிக் காட்டுங்கள்.