ஓட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது!

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 100 மீட்டரில் எப்போதும் கடைசி. இந்த ஆண்டு பள்ளி அணியில் 3000 மீட்டருக்குச் சேர்த்தார்கள். இப்போது விடியும் முன்பே எழுந்து ஓடப் போகிறாள். இந்த ஆசை நிலைக்குமா?
– ஒரு தாய், பாறசாலை

பதில்: அம்மா, உங்கள் மகள் 100 மீட்டரில் தோற்கவில்லை, அவள் சூடேறுவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்! தசை நார்களில் சட்டென்று பாய்பவை உண்டு, நெடுநேரம் தாக்குப்பிடிப்பவையும் உண்டு. இரண்டாம் வகை கூடுதலாக உள்ளவர்களுக்கு மைதானத்தை ஏழரைச் சுற்று சுற்றும் 3000 மீட்டர்தான் சொந்த வீடு.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். பேருந்துக்கு நாம் காத்து நிற்கும் நேரத்தில், இடுக்கிக்காரி பிரீஜா ஸ்ரீதரன் தம் பந்தய நாட்களில் அந்தத் தூரத்தை ஓடியே முடித்திருப்பார். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர் அவர். முண்டூர்ப் பள்ளியில் ஓடத் தொடங்கிய கூலித் தொழிலாளியின் மகள் பி.யு. சித்ரா, 2017-லும் 2019-லும் 1500 மீட்டரில் ஆசிய சாம்பியன்.

ஆசை நிலைக்க ஒரே வழி, அவசரப்படுத்தாமல் இருப்பது. தமிழோ மலையாளமோ, தோழியோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். நெடுஞ்சாலை வேண்டாம், பள்ளி மைதானமே நல்லது. திரும்பி வந்ததும் கஞ்சியும் பயறும் கொடுங்கள். "எத்தனையாவது வந்தாய்?" என்று கேட்காதீர்கள், "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். மீதியை அவள் கால்கள் சொல்லும்.