தண்ணி விழுதா? ஓர் அருவிப் பக்கத்தின் பார்வையாளர் இயல்

குற்றாலத்தைப் பற்றி நூல்கள் உண்டு. தலபுராணம் உண்டு, குறவஞ்சி உண்டு, அருவி நீர் எந்தெந்த நோயைத் தீர்க்கும் என்று சொல்லும் துண்டறிக்கைகள் உண்டு. குற்றாலத்தின் படத்துக்குக் கீழே கருத்து இடுகிறவர்களைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. தமிழ் ஆய்வுலகின் இப்பெருங்குறையைப் போக்க யாரும் கேட்டுக்கொள்ளாமலே இக்கட்டுரை எழுகிறது.

ஆய்வுக்களத்தை முதலில் வரையறுப்போம். தென்காசி மாவட்டத்துச் சுற்றுலாவுக்கென்று இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டமே 2019 நவம்பரில்தான் பிறந்தது; பக்கம் அதைவிட இளையது. அதற்கு ஒரு அட்மின், அவரிடம் ஒரு டிரோன். டிரோன் மழையில் பறக்காது. குற்றாலத்தில் சீசன் என்றாலே மழை. ஆகவே பக்கத்தில் உள்ள படங்களில் வெயில் இருக்கும்போது தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கும்போது லென்ஸில் சாரல் இருக்கும். இந்தப் பக்கம் கற்பனை. அதன் கீழே கேட்கப்படும் கேள்விகள் கற்பனை அல்ல. அருவிப் படம் எதையாவது திறந்து கீழே இறங்கினால் வாசகரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முன்னாய்வுகளைத் தொடாமல் போனால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில் ஒபர்முட்டன் என்றொரு மலைக்கிராமம். மக்கள் ஏறத்தாழ எண்பது பேர். 2011-இல் அவ்வூர்த் தலைவர், எங்கள் பேஸ்புக் பக்கத்தை லைக் செய்கிற ஒவ்வொருவரின் படத்தையும் ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம் என்று வாக்குக் கொடுத்தார். உலகம் முழுவதிலிருந்தும் லைக் வந்து குவிந்தது. பலகை நிறைந்து, படங்கள் கொட்டகைச் சுவர்களுக்கு ஏறின. அதே மாநிலத்தில் பெர்குன் என்ற கிராமம் 2017-இல் இதற்கு நேர்மாறாக, இங்கே யாரும் படம் எடுக்கக் கூடாது, எங்கள் அழகைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் ஏங்கிப்போவார்கள் என்று சொல்லி 5 பிராங்க் அபராதமும் அறிவித்தது. எல்லாம் விளம்பரத்துக்குத்தான். இவ்விரு முறைகளும் நம் களத்துக்குப் பொருந்தா. முதலாவதற்குச் சுவர் வேண்டும். இங்கே சுவர்களைத் தேர்தலுக்கு முன்பே பிடித்துவைத்துவிடுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அருவிக்கரையில் ஈரக் கையோடு செல்ஃபி எடுக்கிறவரிடம் அபராதம் கேட்டால், அவருடைய பணம் லாட்ஜில் கழற்றிப்போட்ட பேன்ட்டில் இருக்கும்.

உள்ளூர் முன்னோடி ஒருவரும் இருக்கிறார். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் ஊரின் மலையையும் அருவியையும் குறத்தி வாயால் விளம்பரப்படுத்தினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். இன்றைய சொல்லில், எண்ணத்தக்க ரீச் ஒன்று, வரவு ஒரு நிலம். பிற்காலப் படைப்பாளிகள் எவரும் இந்த விகிதத்தை எட்டவில்லை.

இனித் தரவுக்கு வருவோம். பக்கத்தின் இன்சைட்ஸ் பகுதியைத் திறந்தால் பின்தொடர்வோர் வயதுவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பார்கள்: 13 முதல் 17, 18 முதல் 24, அப்படியே ஏறி 65-க்கு மேல் வரை. இந்த வயதெல்லாம் அவரவர் சொன்ன வயது. பதின்மூன்று ஆகாதவர்களுக்குக் கணக்கு இல்லை என்பதால் நாட்டில் உள்ள ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் பதினெட்டைத் தாண்டிவிட்டார்கள். பிறந்த ஆண்டு கேட்ட இடத்தில் விரலால் வேகமாகச் சுழற்றிவிட்டவர்கள் அறுபத்தைந்துக்கு மேற்பட்டோர் வகுப்பில் நிம்மதியாக அமர்ந்திருக்கிறார்கள். அந்த மூத்த குடிமக்கள்தான் இரவு பதினொரு மணிக்கு ‘மாஸ்’ என்று கருத்துப் போடுகிறவர்கள்.

அடுத்தது ஊர்வாரிப் பட்டியல். சென்னை, மதுரை, திருவனந்தபுரம் எல்லாம் எதிர்பார்த்ததே. அதன் கீழே துபாய், ஷார்ஜா, ரியாத், தோகா என்று வரும்போது சுற்றுலாத் திட்டம் தீட்ட வந்த ஆலோசகர் நிமிர்ந்து உட்காருகிறார். வளைகுடாச் சந்தையில் குற்றாலத்துக்குத் தேவை இருக்கிறது, அரபு மொழியில் ஒரு கையேடு அச்சடிக்கலாம் என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறார். ஒரு விண்மீன் குறியும் இடுகிறார். உண்மை வேறு. அந்த ஷார்ஜாக்காரர் கடையநல்லூர்க்காரர். ஆறு பேர் படுக்கும் அறையில் மேல்தட்டுக் கட்டிலில் படுத்தபடி, வெளியே வெப்பம் கொதிக்க, இவர் ஐந்தருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீடியோவைக் கடைசிவரை பார்க்கிறவர் இவர் ஒருவர்தான். சில சமயம் இரண்டாம் முறையும் பார்க்கிறார். ‘நம்ம ஊரு’ என்ற இரு சொல்லுக்கு மேல் எழுதுவதில்லை. இந்த சீசனுக்கு வரவும் மாட்டார், லீவு இல்லை. பார்வை நேரம் என்ற அளவையில் பக்கத்தின் முதல் புரவலர் இவரே. அரபுக் கையேட்டை அவருக்கே அனுப்பிவைக்கலாம், ஓட்டுநர் வேலையில் அரபு படிக்கக் கற்றிருப்பார்.

கருத்து இடுவோரின் வகைமைக்கு ஆய்வின் பெரும்பகுதியைச் செலவிட்டேன். முதல் வகையினர் பெயர் கோப்பவர்கள். நண்பர் நால்வரின் பெயரைக் கோத்து, ‘மக்கா எப்ப போறோம்’ என்பார்கள். நால்வரில் ஒருவர் சிரிக்கும் முகம் போடுவார், ஒருவர் ‘நீ சொல்லு’ என்பார், மூன்றாமவர் வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்பார், நான்காமவர் பெயர் மாற்றிக்கொண்டு வேறு கணக்கில் இருப்பார். இவர்கள் குற்றாலம் போனதாக இதுவரை சான்று இல்லை. பக்கத்தின் ஈடுபாட்டு விகிதமோ இவர்கள் தோளில்தான் நிற்கிறது. லைக், கருத்து, சேமிப்பு, பகிர்வு இவற்றைக் கூட்டி ரீச்சால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே ஈடுபாட்டு விகிதம். கிளம்பியவரைக் கூட்டுவதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. 2025 சனவரியில் இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி, பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புதல் என்ற மூன்றே தலையாயவை என்றார். அனுப்புதலில் குற்றாலத்துக்குக் குறைவில்லை. ‘குற்றாலம் ட்ரிப்’ என்ற பெயரில் எத்தனையோ வாட்சப் குழுக்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன, ட்ரிப்தான் நடக்கவில்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிப் போகலாம். ‘ரூம் வேணுமா, கால் பண்ணுங்க’ என்னும் காட்டேஜ்காரர். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்த் தடையை மீறுகிறவர்களைத் திட்டுகிற சுற்றுச்சூழல் ஆர்வலர். எந்தப் படத்துக்கும் பிரானூர் பார்டர் பரோட்டாவை நினைவூட்டுகிறவர். மங்குஸ்தான் கிலோ என்ன விலை என்பவர். இது குற்றாலமே இல்லை, அதிரப்பள்ளி என்று நிறுவுகிறவர். இவர் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும்.

எஞ்சியோர் அனைவரும் ஒரே கேள்வியைக் கேட்பவர்கள். ‘தண்ணி விழுதா?’ ‘அண்ணே, இன்னைக்கு எப்படி?’ ‘ஐந்தருவில குளிக்க விடுதாங்களா?’ பொங்கல் வாழ்த்துக்குக் கீழேயும் கேட்கிறார்கள். ஆட்சியர் மரம் நட்ட படத்துக்குக் கீழேயும் கேட்கிறார்கள். அட்மின் பதிலாக ஓர் இதயம் வைக்கிறார்.

இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். சீசன் சூன் முதல் ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து சாரலைத் தூவும். ஆனால் மலையில் பெய்தால்தான் அருவியில் விழும், அதிகம் பெய்தால் விழுவதில் குளிக்க முடியாது. பேரருவியில் தண்ணீர் ஆர்ச் என்னும் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. ஐந்தருவிக்கு ஒரு நிலைமை, பழைய குற்றாலத்துக்கு வேறு நிலைமை, புலியருவிக்கு இன்னொன்று. செண்பகாதேவியும் தேனருவியும் வனத்துறை வசம். காலையில் தடை, மதியம் நீக்கம், மாலையில் மீண்டும் தடை என்பதும் உண்டு.

இங்கேதான் ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு. பக்கத்தின் பார்வை எண்ணிக்கையும் குற்றாலத்தில் குளித்தவர் எண்ணிக்கையும் எதிர் விகிதத்தில் இயங்குகின்றன. மிதமாக விழுந்து, குடும்பம் குடும்பமாகக் குளிக்கிற நாளின் வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. பாறை தெரியாமல் செம்மண் நிறத்தில் வெள்ளம் பாய்ந்து, போலீஸார் கயிறு கட்டி, ஒருவரையும் கிட்டே விடாத நாளின் வீடியோ பறக்கிறது. அருவி மூடும்போதுதான் பக்கம் திறக்கிறது. அளவையை இலக்காக்கினால் அது நல்ல அளவையாக இராது என்ற கருத்தை 1975-இல் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் பணக் கொள்கையை மனத்தில் வைத்துச் சொன்னார். குற்றாலத்தில் அது இப்படி வேலை செய்கிறது: பார்வை வேண்டும் என்று மேலிடம் கேட்டால், வெள்ளம் இல்லாத நாளிலும் அட்மினுக்கு வெள்ளம் தேவைப்படும், போன வருஷத்து வெள்ளம் கைவசம் இருக்கும். அதைப் பார்த்து மதுரையிலிருந்து ஒரு வேன் கிளம்பிவரும். இது வெறும் வேடிக்கை இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. வெள்ளத்தின் படத்தை விட வெள்ளம் வரும் செய்திக்கு விலை அதிகம்.

‘பார்வை’ என்பதும் அவ்வளவு உறுதியான பொருள் இல்லை. 2016-இல் பேஸ்புக் நிறுவனமே, மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி பார்க்கும் நேரத்தைக் கணக்கிட்டு, இரண்டு ஆண்டுகளாக அதை மிகைப்படுத்திக் காட்டியதாக ஒப்புக்கொண்டது. அருவிக்கரையில் தலையை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவருகிறவரைக் குளித்தவர் பட்டியலில் சேர்க்கலாமா என்ற பழைய விவாதம் இதற்கும் பொருந்தும். சேர்க்கக் கூடாது என்பதே என் துணிபு.

அப்படியானால் கிளம்புகிறவர்கள் எதைப் பார்த்துக் கிளம்புகிறார்கள்? கள ஆய்வில் கிடைத்த விடை ஒன்றே. தென்காசியிலோ செங்கோட்டையிலோ மேலகரத்திலோ அவர்களுக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். சனிக்கிழமை விடிகாலை போன் போடுகிறார்கள். ‘சித்தப்பா, தண்ணி விழுதா?’ அவர் சன்னலைத் திறந்து மலையைப் பார்க்கிறார். மலை மேகத்தில் மூடியிருந்தால் ‘வாங்கடே’ என்கிறார். மேகம் கருத்திருந்தால் ‘மெயின்ல விடமாட்டான், புலியருவிக்குப் போவோம்’ என்கிறார். அவருக்குப் பின்தொடர்வோர் பதினேழு பேர், எல்லாரும் சொந்தம். எல்லாரும் வந்தும் விடுகிறார்கள். மதியச் சாப்பாடும் அவர் வீட்டில்தான்.

எனவே இவ்வாய்வின் பரிந்துரை: டிரோனை உறையில் போட்டுவிட்டு, தினமும் காலை ஆறு மணிக்கு அருவிவாரியாக ஒரு வரி போடுங்கள். விழுகிறதா, குளிக்கலாமா, கூட்டமா, தடையா. தடை வந்த நிமிடத்தில் இன்னொரு வரி. அதைப் பக்கத்தின் உச்சியில் பொருத்திவையுங்கள். ஆள் இல்லை என்று சொல்லவேண்டாம். சுவீடன் நாடு 2011 கடைசியிலிருந்து 2018 வரை தன் ட்விட்டர் கணக்கையே வாரத்துக்கு ஒரு குடிமகனிடம் கொடுத்துவைத்தது. நாடு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தென்காசி மாவட்டத்தில் சித்தப்பாக்களுக்குப் பஞ்சமில்லை, பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒருவரிடம் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.