கலிக்கம்பர் வீட்டு லாகின்

ரௌட்டர், சுவிட்ச் என்று பெட்டிகளோடு மாரடிக்கிற நண்பர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். ரேடியஸ் உசத்தியா, டகாக்ஸ் பிளஸ் உசத்தியா? பெட்டிக்குள் யார் நுழையலாம், நுழைந்தவர் எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கிற புரோட்டோகால்கள் இவை. முதலாவதை 1991-ல் டயல்-அப் மோடம்களுக்காக லிவிங்ஸ்டன் என்ற கம்பெனி செய்தது. மற்றது சிஸ்கோ வளர்த்த பிள்ளை. இரண்டும் அமெரிக்கச் சரக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், பாவம். விருத்தாசலம் தாண்டி ரயிலில் பெண்ணாடம் வரை வந்ததில்லை போலிருக்கிறது.

பெண்ணாடத்துக் கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். யானையின் முதுகு போல விமானம். அங்கே ஒருநாள் அப்பர் வந்து நின்றார். சாதாரண யூசர் இல்லை. சமண நெட்வொர்க்கில் தருமசேனர் என்ற யூசர்நேமில் பெரிய பதவியில் இருந்துவிட்டுச் சைவத்துக்கு மைக்ரேட் ஆனவர். சுண்ணாம்புக் காளவாய், விஷச்சோறு, யானை, கல்லைக் கட்டிக் கடல் என்று பல்லவ அரசு அவருடைய அக்கவுண்டை டெலீட் பண்ண நான்கு தடவை முயன்றது. நான்காவது தடவை அவர் கல்லோடு மிதந்து கடலூர்ப் பக்கம் கரையேறிவிட்டார்!

இத்தனை வெரிஃபிகேஷன் முடிந்த பிறகும் மனுஷருக்குத் திருப்தியில்லை. சமணரோடு கிடந்த இந்த உடம்போடு இனி வாழ மாட்டேன், உன் முத்திரையைப் போடு என்று சிவனிடம் அடம். பூதகணம் ஒன்று வந்து தோளில் சூலத்தையும் இடபத்தையும் பொறித்துவிட்டுப் போனது. டூ-ஃபேக்டர். டவர் கிடைக்காத ஊரிலும் வேலை செய்யும். ஒரே குறை, பாஸ்வேர்டை மாற்றுவதென்றால் தோளை மாற்ற வேண்டும்.

இதே ஊர்க்காரர்தான் கலிக்கம்பர். வணிகர். பிற்பாடு அறுபத்துமூவரில் ஒருவர். அவர் வீட்டு விதி ரொம்ப எளிது. சிவவேடத்தில் யார் வந்தாலும் காலைக் கழுவு, இலையைப் போடு, வேண்டியதைக் கொடு. வந்தவர் யார் என்று பார்ப்பதும், அவருக்கு என்ன உண்டு என்று தீர்மானிப்பதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். இதுதான் சார் ரேடியஸ். ‘அக்செஸ்-அக்செப்ட்’ என்று ஒரே பதில். அடையாளமும் அனுமதியும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

ஒருநாள் வரிசையில், அவர் வீட்டில் முன்பு வேலை பார்த்து, பிடிக்காமல் விட்டுப் போனவன் திருநீறும் வேடமுமாக வந்து நின்றான். எக்ஸ்-எம்ப்ளாயி! கலிக்கம்பர் தயங்கவே இல்லை, காலைப் பிடித்துவிட்டார். கரகத்தோடு நின்ற அவர் மனைவிதான் தயங்கினார். நம் வீட்டு எடுபிடியாச்சே இவன்?

அம்மையார் டகாக்ஸ் பிளஸ் ஜாதி. அங்கே நீ யார் என்பது ஒரு கேள்வி, உனக்கு இது உண்டா என்பது தனிக் கேள்வி. அட்மினே லாகின் ஆனாலும் ஒவ்வொரு கமாண்டுக்கும் சர்வரிடம் போய், ‘இவர் இதைச் செய்யலாமா?’ என்று கேட்டுவிட்டு வரச் சொல்லலாம். அம்மையாரும் வேடத்தை ஏற்றுக்கொண்டார், கரகத்தைச் சாய்ப்பதற்கு மட்டும் ஒரு விநாடி எடுத்துக்கொண்டார். லேட்டன்சி.

அந்த ஒரு விநாடிக்குக் கலிக்கம்பர் என்ன செய்தார் தெரியுமோ? மனைவியின் கையை வெட்டிவிட்டார். பிறகு கரகத்தைத் தானே எடுத்து நீர் வார்த்து, கால் கழுவி, சாப்பாடும் போட்டார். ஒரு சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் அடுத்த சர்வருக்குப் போவது உலக வழக்கம். முதல் சர்வரை வெட்டிச் சாய்க்கும்படி எந்த ஆர்எஃப்சியிலும் எழுதவில்லை.

நியாயமாகப் பேசுவோம். நேற்று நம் ஏவலைக் கேட்டவன் காலை இன்றைக்கு நாம் கழுவுவதா என்கிற எஜமானியம்மா கெத்தும் அந்தத் தயக்கத்தில் கொஞ்சம் இருந்திருக்கும். முதலாளி, வேலைக்காரன் பேதமெல்லாம் என் சிஸ்டத்தில் கிடையாது என்ற வகையில் கலிக்கம்பர் புரட்சிக்காரர்தான். கையில் கத்தி மட்டும் இல்லாதிருந்தால் கைதட்டியிருக்கலாம்.

யார் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று லாக் எழுதுவது இந்தப் புரோட்டோகால்களின் மூன்றாவது வேலை. அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணமாக அழகாகவே செய்து வைத்தார். கை போனது பதிவாகியிருக்கிறது. கைக்குச் சொந்தக்காரியின் பெயரைத்தான் காணோம்.

வேடத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே திருக்கோவலூரில் ஒரு கேஸ் உண்டு. அந்த ஊர் ராஜா மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். ரேடியஸும் இப்படித்தான், பாஸ்வேர்டை மட்டும் பொதிந்து வைக்கும். யூசர்நேம் உட்பட மற்றதெல்லாம் தெருவில் அப்பட்டமாகப் போகும். டகாக்ஸ் பிளஸ் தலைப்பை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை முழுசாகப் போர்த்திக்கொள்ளும். முத்தநாதனை வாசல் காவலர்கள் கும்பிட்டு அனுப்பினார்கள். கடைசி வாசலில் தத்தன் மட்டும், ராஜா தூங்குகிறார், இது நேரமில்லை என்று தடுத்தான். ஆகம ரகசியம் சொல்ல வந்திருக்கிறேன் என்று சமாளித்து முத்தநாதன் உள்ளே போய்விட்டான். 2024-ல் ‘பிளாஸ்ட்-ரேடியஸ்’ என்று ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து உலகமே அலறியது. பாஸ்வேர்டே தெரியாத ஒருவன் நடுவழியில் உட்கார்ந்து ‘கூடாது’ என்ற பதிலை ‘வரலாம்’ என்று திருத்திவிடலாமாம். தத்தனுக்கு இது பழைய நியூஸ்.

குத்துப்பட்டு விழுந்த மெய்ப்பொருள் கடைசியாக என்ன செய்தார்? தத்தனைக் கூப்பிட்டு, இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லை வரை விட்டுவிட்டு வா என்றார். ஹேக்கருக்கு வழித்துணையோடு லாக்-அவுட்!

எல்லாவற்றுக்கும் பெரிய பூட்டு சிதம்பரத்தில் இருந்தது. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறை ஒன்றில், அதைப் பாடிய மூவரின் கை முத்திரையோடு பூட்டிக் கிடந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ராஜராஜன் போய்க் கேட்டான். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் வந்தால் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். அப்பரும் சம்பந்தரும் போய்ச் சேர்ந்து அப்போதே முந்நூறு வருஷம். அதைவிட வேடிக்கை, சுந்தரர் பிறந்ததே மற்ற இருவருக்கும் பிற்பாடு. மூவரும் சேர்ந்து பூட்டியிருக்கவே முடியாத பூட்டு அது.

ராஜராஜன் வாதாடவில்லை. மூவருக்கும் பூஜை போட்டு, அந்தத் திருமேனிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து அறை வாசலில் நிறுத்தினான். இதோ வந்துவிட்டார்கள், திறங்கள். போட்டோவைக் காட்டி போனின் ஃபேஸ் அன்லாக்கை ஏமாற்றுகிற வேலைதான். ஆனால் தீட்சிதர்கள் என்ன சொல்ல முடியும்? இது வெறும் சிலை என்று வாயைத் திறந்தால், உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறவர் யார் என்ற கேள்வி வரும்.

கதவு திறந்தது. உள்ளே புற்று. முத்திரை உடையவில்லை, பூட்டு உடையவில்லை, கறையானிடம் மட்டும் யாரும் பாஸ்வேர்டு கேட்டிருக்கவில்லை. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்துப் பார்த்தால், பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. ராஜா இடிந்து உட்கார்ந்தான். அப்போது அசரீரி: இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம். பேக்கப் எடுக்காத சிஸ்டம் அட்மின்கள் மேனேஜரிடம் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.