ராகம் கண்டுபிடிப்போர் இன்புறாமை: ஓர் ஆய்வு

அறிவு பெருகினால் இன்பம் கூடுமா, குறையுமா என்பது பழைய வழக்கு. இதை ஆராய மார்கழி மாதச் சென்னை சபாக்களைத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்திலேயே கேன்டீன் இருந்தது இத்தேர்வை எவ்விதத்திலும் பாதிக்கவில்லை.

முதலில் வரையறை. பாடகர் வாயைத் திறந்ததுமே பக்கத்து இருக்கைக்காரரிடம் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடத் துடிப்பவர் 'அறிஞர்'. பெயர் தெரியாமலே தலையாட்டுபவர் 'பாமரர்'. கேன்டீனில் அடை அவியலுக்குக் காத்திருப்போர் ஒப்பீட்டுக் குழு. அவர்கள் இன்பம் எந்த ராகத்துக்கும் ஏறுவதில்லை, இறங்குவதுமில்லை.

கல்யாணி வந்தால் அறிஞர் ஒரு நொடியில் பெயரைச் சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விடுகிறார். வந்த வேலை முடிந்ததல்லவா! நோய் முற்றுவது இரட்டைகளிடம்தான்: தர்பாரா நாயகியா, ஆரபியா தேவகாந்தாரியா. பின்னதில் இரண்டுக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. கமகத்தையும் நடையையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். சொன்ன பெயர் தப்பாகிவிடுமோ என்று ஆலாபனை முடியும்வரை அவருக்கு வேர்க்கிறது. பாமரருக்குக் கண் கலங்குகிறது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இந்நோய்க்கு மேனாட்டு முன்னோடி ஜான் ஸ்டூவர்ட் மில். மூன்று வயதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கியவர், 1826இல், இருபது வயதில், எதிலும் இன்பமின்றி இடிந்துபோனார். ஸ்வரங்கள் கொஞ்சம்தானே, அவற்றின் சேர்க்கைகள் ஒருநாள் தீர்ந்துவிடுமே என்பதும் அப்போது அவரை வாட்டிய கவலை. சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் வேலை பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில். வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டிலேயே 72 மேளங்களைக் கணக்கிட்டு வைத்த செய்தியைத் தஞ்சாவூர்க் கணக்குவழக்கோடு யாராவது அனுப்பியிருக்கலாம். பிற்காலத்தில் அவர் பன்றியின் நிறைவையும் சாக்ரடீசின் குறையையும் எடைபோட்டு, சாக்ரடீஸ் பக்கம் தீர்ப்பெழுதினார். பன்றி மேல்முறையீடு செய்யவில்லை.

இதுவரை எல்லாம் எங்கள் கருதுகோளுக்குச் சாதகமே. இடைஞ்சல் செய்தது தனி ஆவர்த்தனம். ராகத்தின் பெயர் தெரிந்ததும் கேள்வி அடைபட்டுவிடுகிறது. தாளத்திலோ ஒவ்வோர் ஆவர்த்தனமும் புதிதாகக் கேட்கிறது. தொடையில் தாளம் போட்டபடி மிருதங்கத்தைத் துரத்தும் அறிஞர், கோர்வை சரியாக எடுப்பில் வந்து விழுந்ததும் குழந்தையாய்ச் சிரிக்கிறார். பாமரர் அதற்குள் எழுந்து கேன்டீனுக்குப் போய் ஒப்பீட்டுக் குழுவில் கலந்துவிடுகிறார். ஆகவே, ஆய்வின் தூய்மை கருதி, தனி ஆவர்த்தனத் தரவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன.