ஆய்வுக்கூடம் போகும் பாப்பாவுக்கு

பாப்பா, உன்னை உளவியல் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிப் போகப்போகிறார்களாம். பயப்படாதே, ஊசி கிடையாது. பாலை மட்டும் அளவாகக் குடி. வயிறு முட்டினால் கண் சொக்கிவிடும். உன்னை நம்பி ஒருவர் முனைவர் பட்டத்துக்குக் காத்திருக்கிறார்.

முதலில் பொம்மையை ஒளிப்பார்கள். சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூவரை வைத்து ஆரம்பித்த விளையாட்டு இது. இடப்பக்கத் துணிக்கு அடியில் வைப்பார்கள், எடுப்பாய். திரும்பவும் அங்கேயே வைப்பார்கள், எடுப்பாய். பிறகு நீ பார்க்கப் பார்க்க வலப்பக்கத் துணிக்கு அடியில் தள்ளுவார்கள். உனக்கு ஒன்பது மாதம் என்றால் பெரும்பாலும் கை பழைய இடத்துக்கே போகும். வெட்கப்படாதே. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடும் தாத்தாவை வைத்து யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

கையால் பெயர் கெட்டால் கண்ணால் மீட்கலாம். 1985-இல் ரெனே பையார்ஜோன் குழுவினர் ஐந்து மாதப் பிள்ளைகள் முன்னால் ஒரு பெட்டியை வைத்து, அதை மறைத்தபடி ஒரு தட்டியை எழுப்பினார்கள். தட்டி பின்னால் சாய்ந்து பெட்டியில் முட்டி நின்றால் நியாயம். பெட்டியே இல்லாததுபோல் அது முழுசாகச் சாய்ந்தபோது, பிள்ளைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தார்கள். மறைந்தாலும் பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும் என்றார்கள் ஆய்வாளர்கள். சும்மா வெறித்ததற்கு இவ்வளவு மரியாதை வேறெங்கே கிடைக்கும்! அதெல்லாம் இல்லை என்று மறுத்து எழுதியவர்களும் உண்டு. பெரியவர்கள் சண்டை, நீ தலையிடாதே.

அடுத்தது கெட்டிக் கண்ணாடி போட்ட மேஜை. ஒரு பாதியில் கீழே பள்ளம் தெரியும். 1960-இல் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் எழுதியபடி, தவழ்ந்து கிளம்பிய 27 பிள்ளைகளில் 3 பேர்தான் பள்ளத்துப் பக்கம் போனார்கள். போகலாமா என்று சந்தேகம் வந்தால் அம்மா முகத்தைப் பார். பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து 1985-இல் ஒரு வயதுப் பிள்ளைகளிடம் செய்தபோது, சிரித்த முகத்தை நம்பி 19 பேரில் 14 பேர் தாண்டினார்கள். மிரண்ட முகத்தைப் பார்த்த 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை.

அந்த முகம் திடீரென்று கல்லாகிவிட்டால் அது எட்வர்ட் ட்ரோனிக் சொல்லிக்கொடுத்தது. சிரி, கை நீட்டு, கத்து; சில நிமிஷத்தில் சரியாகிவிடும். அம்மா செல்போனைப் பார்க்கும்போதும் கிட்டத்தட்ட இதே முகம்தான், ஆனால் அங்கே நேரம் பார்த்து நிறுத்த ஆள் கிடையாது.

பலர் கோட்டை விடுவது மேரி ஏன்ஸ்வொர்த் பால்டிமோரில் வகுத்த பரீட்சையில். அம்மா எழுந்து வெளியே போவார். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி உன்னிடம் பொம்மையை ஆட்டிக் காட்டுவார். அழாமல் இருந்தால் பாட்டி 'சமர்த்து' என்பாளே என்று கணக்குப் போடாதே. அம்மா திரும்பி வந்ததும் என்ன செய்கிறாய் என்பதைத்தான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து குறிக்கிறார்கள். ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் தேறியதும் பொம்மைக்குத் திரும்பினால் 'பாதுகாப்பான பிணைப்பு'. கண்டுகொள்ளாமல் முகத்தைத் திருப்பினால் 'விலகும் பிணைப்பு'. தூக்கு என்று அழுது, தூக்கியதும் உதைத்தால் அதற்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். கெத்தாக இருந்த பிள்ளைகளுக்கும் உள்ளே நெஞ்சு படபடத்ததை ஜெர்மனியில் அளந்திருக்கிறார்கள், நடிப்பு பலிக்காது.

எதுவும் பிடிக்கவில்லையா, ஓவென்று அழுதுவிடு. சிணுங்கிய குழந்தைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கட்டுரையில் ஒரு வரி எழுதி, உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.