மாப்பிள்ளை தலைக்கு மேல் ஒரு காக்கை

கல்யாண ஆல்பம் புரட்டும் பெரியம்மாக்களின் கண்ணுக்குத் தப்புவது அரிது. மண்டபத்தில் எடுத்த படங்களில் யார் நகை போட்டிருந்தார்கள், யார் போடவில்லை என்பதோடு விட்டுவிடுவார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த அவுட்டோர் படம் வந்ததும் வானத்தில் விரலை வைப்பார்கள்: "ஏம்ப்பா, மாப்பிள்ளை தலைக்கு மேல பறக்குதே, காக்காயா?"

அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே காக்கை. வீடியோவில் இன்னும் மோசம். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வருகிறது, இறக்கையை அசைக்காமல்.

சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் ஒட்டிய தூசுதான் அது. மண்டபத்திலும் அங்கேதான் இருந்தது. எஃப்/2.8-இல் அகலத் திறந்த லென்ஸ் வழியே பல கோணங்களில் ஒளி வந்ததால் அதன் நிழல் கலைந்துபோயிற்று. வெயிலில் எஃப்/16-க்குச் சுருக்கியதும் நிழல் கெட்டிப்பட்டது. 24 மெகாபிக்ஸல் ஃபுல்ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்ஸலின் அகலம் சுமார் 6 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனே பத்துப் பிக்ஸல்களை மறைத்துவிடும்.

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா திண்ணை, ரேழி, கூடம் என்று கட்டிய வீடு. லென்ஸைக் கழற்றினால் முதலில் மிரர் என்ற கண்ணாடி, அதன் பின்னால் ஷட்டர், அதற்கும் பின்னால்தான் சென்சார். மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவோ கதவைத் திறந்தால் கட்டில் தெரிகிற ஃபிளாட். நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் மாட்டும் எஃப் மவுண்ட்டிலிருந்து சென்சாருக்கு 46.5 மில்லிமீட்டர், மிரர்லெஸ்ஸின் இசட் மவுண்ட்டில் 16 மட்டும்.

கேனான் 2018-இல் வெளியிட்ட ஈஓஎஸ் ஆர் கேமராவில் இதற்கு ஒரு வழி செய்தது: ஆஃப் செய்தால் ஷட்டர் திரை மூடிக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் திரையின் தகடுகள் சென்சார்க் கண்ணாடியைவிட மென்மையானவை. விரல் பட்டாலே கோணிக்கொள்ளும். தானே உதறிக்கொள்ளும் ஏற்பாடு அதற்கும் முந்தியது. ஒலிம்பஸ் 2003-லேயே தன் இ-1 கேமராவில் கண்ணாடியை அதிரவைத்துத் தூசை உதிர்த்தது. உலர்ந்த தூசு அதற்கு மசியும். சந்தனமும் மகரந்தமும் மசியாது.

தூசைவிடப் பெரிய ஆபத்து, அதை எடுக்கக் கிளம்பும் ஆள். ஃபில்டர் காபி குடித்த வாயால் "உஃப்" என்று ஊதுவார். தூசு போகும், எச்சில் ஒட்டும். கடையில் விற்கும் அழுத்தக் காற்று டப்பாவைச் சாய்த்துப் பிடித்து அடித்தால் உள்ளிருக்கும் திரவமே தெறித்துக் கறையாகும். இன்னொருவர் வேட்டி நுனியோடு வருவார். அவரை ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். ரப்பர் புளோயரைக் கையால் அழுத்தி ஊதினால் பெரும்பாலும் போதும். அதற்கும் மசியாததைச் சென்சார் அகலத்துக்கே செய்த ஸ்வாப்பால் துடைக்கலாம். படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும், பிம்பம் தலைகீழாக விழுவதால். இது தெரியாமல் சுத்தமான இடத்தையே தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

முகூர்த்த நேரத்தில் இதற்கெல்லாம் யாருக்குப் பொழுது? ஹோமப் புகை கிளம்பும், அட்சதை பறக்கும், அப்போதுதான் 24-70 லென்ஸைக் கழற்றி 70-200 மாட்ட வேண்டியிருக்கும். தேர்ந்த கை என்ன செய்யும்? மணவறைக்கு முதுகைக் காட்டி, கேமராவை ஆஃப் செய்து, வாயைத் தரைப் பக்கம் கவிழ்க்கும். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியை அதற்கு முன்பே தளர்த்தி வைத்திருக்கும். கழற்றிய பாடி மூடியையும் லென்ஸ் பின்மூடியையும் ஒன்றோடொன்று திருகித்தான் சட்டைப் பையில் போடும். தனித்தனியாகப் போட்டால் பையின் நூல்தூசு மூடிக்குள் ஏறி, மறுபடி மூடும்போது நேரே சென்சாருக்குப் போய்ச்சேரும்.

வசதி உள்ளவர்கள் மாற்றுகிற வேலையே வேண்டாமென்று இரண்டு பாடி வைத்துக்கொள்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸோடு. இரண்டையும் தோளில் தொங்கவிட்டபடி பந்தியில் உட்கார்ந்தால் ரசம் எதில் தெறிக்கும் என்பதற்கு மட்டும் எந்தக் கம்பெனியும் இன்னும் திரை வைக்கவில்லை.